எல்லை போட்ட உலகம்: மைன்கிராஃப்ட் சர்வர்ல மேப் சைஸை எப்படி முடிவு பண்றது?

செமஸ்டர் லீவு வந்தாச்சுன்னா ரமணாசிரமம் பகுதியில ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பசங்க பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிடுவாங்க. மீதிப் பேர் பழைய லேப்டாப் ஒண்ணை சர்வரா மாத்தி, "மச்சி, மைன்கிராஃப்ட் உலகம் ஒண்ணு ஆரம்பிக்கலாம்டா"ன்னு கிளம்புவாங்க. முதல் வாரம் செம ஜாலி. மூணாவது வாரம் லேக். ரெண்டாவது மாசம் டிஸ்க் ஃபுல். அப்புறம் ஒருநாள் யாரோ "ரீசெட் பண்ணிடலாமா?"ன்னு கேப்பாங்க. அங்கதான் சண்டையே ஆரம்பிக்கும். ஏன்னா, ஒருத்தர் ரெண்டு மாசம் உக்காந்து கட்டின வீடு அந்த டிஸ்க்ல இருக்கு.

இந்தச் சண்டையை முதல் நாளே தவிர்க்க ஒரு வழி இருக்கு. உலகத்துக்கு எல்லை போடறது. இந்தக் கட்டுரையில அதோட கணக்கு, கமாண்டு, வழக்கமா மாட்டிக்கிற இடங்கள் எல்லாத்தையும் பார்க்கலாம். ஜாவா எடிஷனை வச்சுத்தான் சொல்றேன். கமாண்டுகளை இங்கே உச்சரிப்பு மாதிரி எழுதியிருக்கேன், கன்சோல்ல ஆங்கில எழுத்துல அடிச்சுக்கோங்க.

1. உலகம் டிஸ்க்ல எப்படி உக்காருது?

மைன்கிராஃப்ட் உலகத்தை சங்க் சங்க்காதான் உருவாக்கும். ஒரு சங்க் 16 பிளாக் நீளம், 16 பிளாக் அகலம். உயரம் 1.18 வெர்ஷன்ல இருந்து 384 பிளாக், அதாவது -64ல இருந்து 319 வரைக்கும். பெருக்கிப் பார்த்தா ஒரு சங்க்ல 98,304 பிளாக்.

இந்தச் சங்க்குகளை 32க்கு 32 கட்டமா சேர்த்து ஒரு ரீஜன் ஃபைல்ல போடும். ஆக ஒரு ஃபைல்ல 1,024 சங்க். தரையில அளந்தா 512க்கு 512 பிளாக். ஃபைலுக்குள்ள இடத்தை 4 கேபி கட்டங்களாத்தான் பிரிச்சுக் கொடுக்கும். சங்க் எவ்வளவு சின்னதா கம்ப்ரஸ் ஆனாலும் ஒரு கட்டம் எடுத்துக்கும். அதனால முழுசா நிரம்பின ஒரு ரீஜன் ஃபைல் குறைஞ்சது 4 எம்பி. மலை, குகைன்னு இருக்கிற சாதாரண உலகத்துக்கு சங்க்குக்கு 8 கேபின்னு வச்சுக் கணக்குப் போடலாம். உங்க உலகத்தோட ரீஜன் ஃபோல்டரைத் திறந்து நிஜ சராசரியைப் பார்த்து அந்த எண்ணை மாத்திக்கோங்க.

முக்கியமான விஷயம் இதுதான்: ஒருத்தர் ஒருமுறை எட்டிப் பார்த்த சங்க்கூட டிஸ்க்ல சேவ் ஆகிடும். அங்க அவர் ஒரு பிளாக் கூட உடைக்கலைன்னாலும் சரி, திரும்ப அந்தப் பக்கமே போகலைன்னாலும் சரி, அது அங்கேயே இருக்கும்.

ஒரு உதாரணம். வியூ டிஸ்டன்ஸ் டீஃபால்ட்டா 10 சங்க். ஆளைச் சுத்தி எல்லாப் பக்கமும் 10, நடுவுல ஒண்ணு. அதாவது 21க்கு 21, மொத்தம் 441 சங்க். இப்போ ஒருத்தர் எலிட்ரா மாட்டிக்கிட்டு ராக்கெட் அடிச்சு நேர்கோட்டுல 10,000 பிளாக் பறக்கிறார். நொடிக்கு 30 பிளாக்னு வச்சாலும் அஞ்சரை நிமிஷ வேலை. அந்த வழியில 625 சங்க் நீளம், 21 சங்க் அகலம். ஆக 13,125 புது சங்க். நம்ம 8 கேபி கணக்குல சுமார் 105 எம்பி. ஒரு ஆள், ஒரு வழிப் பயணம், ஒரு டீ குடிக்கிற நேரம்!

2. லேக்குக்கும் மேப் சைஸுக்கும் என்ன சம்பந்தம்?

இங்க நிறைய பேர் குழம்புவாங்க. "மேப் பெருசாச்சு, அதான் லேக்"னு சொல்றது பாதிதான் சரி. டிஸ்க்ல தூங்கிட்டிருக்கிற சங்க் சிபியூவையோ ரேமையோ தொடாது. லேக் ரெண்டு இடத்துல இருந்து வரும்.

ஒண்ணு, புது சங்க் உருவாக்கறது. ஏற்கெனவே சேவ் ஆன சங்க்கைப் படிக்கிறதை விட, புதுசா மலையும் குகையும் கணக்குப் போட்டு உருவாக்கறது சிபியூவுக்கு ரொம்பப் பெரிய வேலை. சர்வர் நொடிக்கு 20 டிக் ஓடணும், ஒரு டிக்குக்கு 50 மில்லி செகண்ட்தான் நேரம். ரெண்டு பேர் ரெண்டு திசையில புது நிலத்துல பறந்தாங்கன்னா பழைய லேப்டாப் மூச்சு வாங்கும். வீட்ல உக்காந்து சமர்த்தா கோதுமை அறுத்துட்டிருந்தவருக்கும் சேர்த்து கேம் தடுக்கும்.

ரெண்டு, ஒரே நேரத்துல லோடாகி இருக்கிற சங்க் எண்ணிக்கை. 10 பேர் ஒரே ஊர்ல இருந்தா 441 சங்க்கைப் பகிர்ந்துக்குவாங்க. 10 பேரும் பத்துத் திசையில இருந்தா 4,410 சங்க். ஆள் அதே பத்துதான், ரேம் செலவு மட்டும் பத்து மடங்கு வரைக்கும் போகும்.

எல்லை போட்டா ரெண்டும் அடங்கும். உலகம் முழுக்க முன்னாடியே உருவாக்கி வச்சிடலாம், ஆட்களும் ரொம்பத் தூரம் சிதற மாட்டாங்க. ரேம்தான் உங்க பிரச்சினைன்னா முதல்ல வியூ டிஸ்டன்ஸை 10ல இருந்து 7க்கு இறக்கிப் பாருங்க. 441 சங்க் 225 ஆகிடும். கிட்டத்தட்ட பாதி.

3. எல்லையே போடலைன்னா?

டீஃபால்ட்டா உலகத்தோட அகலம் கிட்டத்தட்ட 6 கோடி பிளாக். ஒரு பிளாக் ஒரு மீட்டர்னு வச்சா பூமியோட மேற்பரப்பு மாதிரி ஏழு மடங்கு. அதை முழுக்க உருவாக்கினா 1,373 கோடி ரீஜன் ஃபைல். குறைஞ்சபட்ச 4 எம்பி கணக்குலயே 5 கோடி ஜிபிக்கு மேல. யாரும் அவ்வளவு தூரம் போகப் போறதில்லை, உண்மைதான். ஆனா உங்க டிஸ்க்ல இருக்கிறது 100 ஜிபி. அதை நிரப்ப உலகம் முழுக்கச் சுத்தத் தேவையில்லை.

எல்லை இல்லாம ஓடற பிரபல சர்வரும் இருக்கு. 2010 டிசம்பர்ல ஆரம்பிச்ச டூபிடூடி சர்வர் மேப்பை ரீசெட்டே பண்றதில்லை. அதோட உலகம் பல டெராபைட். அவங்களோட சுவாரசியமே அதுதான், அதுக்கேத்த செலவும் பண்றாங்க. இன்னொரு பக்கம், 2012ல வந்த எக்ஸ்பாக்ஸ் 360 எடிஷன்ல மொத்த உலகமே 864க்கு 864 பிளாக்தான், வெறும் 54க்கு 54 சங்க். அதுலயும் மக்கள் மாசக்கணக்கா விளையாடினாங்க. ஆக, "சின்ன மேப்புன்னா போர்"னு முடிவு கட்டிடாதீங்க.

4. எவ்வளவு பெருசு வைக்கலாம்? கணக்கு இதோ

முதல் பாடம்: அகலத்தை ரெண்டு மடங்காக்கினா பரப்பு நாலு மடங்கு. டிஸ்க்கும் நாலு மடங்கு. சங்க்குக்கு 8 கேபி வச்சு:

அகலம் 2,048 பிளாக்: 16,384 சங்க், 128 எம்பி.
அகலம் 4,096: 65,536 சங்க், 512 எம்பி.
அகலம் 6,144: 1,47,456 சங்க், சுமார் 1.1 ஜிபி.
அகலம் 10,000: 3,90,625 சங்க், சுமார் 3 ஜிபி.
அகலம் 20,000: 15,62,500 சங்க், சுமார் 12 ஜிபி.

இது வெளியுலகம் மட்டும். நெதருக்கும் எண்டுக்கும் தனியா இடம் ஒதுக்குங்க.

2,048ன்னா ரொம்பக் குறைச்சல்னு தோணுதா? நம்ம ஊரை வச்சே அளந்து பார்க்கலாம். 12 பேருக்குச் சமமா பிரிச்சா ஆளுக்கு 590 பிளாக்குக்கு 590 பிளாக். ஏக்கர்ல 86. அண்ணாமலையார் கோயில் வளாகம் சுமார் 25 ஏக்கர். அதாவது ஆளுக்கு மூணு பெரிய கோயில் கட்டலாம், அப்பவும் தோட்டத்துக்கு இடம் மிஞ்சும். 40 பேர் வந்தாக்கூட ஆளுக்கு கிட்டத்தட்ட 26 ஏக்கர், ஒரு கோயில் அளவு தேறும்.

அப்போ 2,048 போதுமா? சர்வைவல்னா போதாது. காரணம் இடமில்லை, ஸ்ட்ராங்ஹோல்ட். எண்டுக்குப் போற போர்ட்டல் இருக்கிற ஸ்ட்ராங்ஹோல்ட் முதல் வட்டத்துல மூணே மூணு. அதுங்க நடுப்புள்ளியில இருந்து 1,280க்கும் 2,816க்கும் இடைப்பட்ட தூரத்துலதான் உருவாகும். 2,048 அகலம்னா நடுவுல இருந்து நேரா 1,024தான் தூரம். மூலைக்கு மூலை போனா 1,448 வரும். அந்த மூலையில தற்செயலா ஒண்ணு விழுந்தாலொழிய, டிராகனைக் கொல்லணும்னு கனவு கண்டவங்க வரைபடம் முழுக்கத் தோண்டினாலும் போர்ட்டல் கிடைக்காது.

அதனால சர்வைவல் சர்வருக்கு என் சிபாரிசு 6,144. பக்கத்துக்கு 3,072 பிளாக், முதல் வட்டம் முழுக்க உள்ளே வந்துடும். எண்டுல வெளித் தீவுகள் நடுவுல இருந்து சுமார் 1,000 பிளாக் தாண்டித்தான் ஆரம்பிக்கும். எலிட்ரா அங்கதான் கிடைக்கும். 3,072ல அதுவும் அடங்கும். இன்னொரு வசதி, 6,144ங்கறது 512ஓட சரியா 12 மடங்கு. எல்லைக்கோடு ரீஜன் ஃபைல்களோட ஓரத்துலயே விழும். உள்ளே 144 ஃபைல். பின்னாடி சுத்தம் பண்ணும்போது எந்த ஃபைல் உள்ளே, எது வெளியேன்னு பேரைப் பார்த்தே சொல்லிடலாம்.

நடந்து பார்த்தும் யோசிங்க. நடை வேகம் நொடிக்கு சுமார் 4.3 பிளாக். நடுவுல இருந்து எல்லை வரை 3,072 பிளாக் நடக்க 12 நிமிஷம். கேம்ல பகல்பொழுது சுமார் 10 நிமிஷம்தான். அதாவது காலையில கிளம்பினா எல்லையைத் தொடறதுக்குள்ள இருட்டிடும். 12 பேர் ஆடற உலகத்துக்கு அது நல்ல தூரம்.

5. கமாண்டு பகுதி

வேர்ல்டுபார்டர் கமாண்டு 2014ல வந்த 1.8 வெர்ஷன்ல சேர்ந்தது. ப்ளகின் எதுவும் வேண்டாம்.

முதல்ல "வேர்ல்டுபார்டர் சென்டர் 0 0". அப்புறம் "வேர்ல்டுபார்டர் செட் 6144". அவ்வளவுதான், எல்லை போட்டாச்சு.

இங்க ஒரு பொறி இருக்கு. வேர்ல்டுபார்டர் கமாண்டுல கொடுக்கிற எண் விட்டம். சர்வர் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல்ல இருக்கிற மேக்ஸ்-வேர்ல்டு-சைஸ் எண் ஆரம். அங்க 3,072 வச்சா, இங்க 6,144 வரைக்கும் எல்லையை விரிக்கலாம். அதுக்கு மேல கமாண்டு அடிச்சா, "சரி"ன்னு பதில் வரும், ஆனா எல்லை நகராது. "கமாண்டு வேலை செய்யலையே"ன்னு ராத்திரி முழுக்க மண்டையைப் பிச்சுக்கிறவங்க இந்த இடத்தைத்தான் பார்க்காம விட்டிருப்பாங்க.

எல்லையை நெருங்கினா திரை ஓரம் சிவக்கும். அந்த எச்சரிக்கை தூரம் டீஃபால்ட்டா 5 பிளாக், அதை 30 ஆக்கிடுங்க. பறந்து வர்றவங்களுக்கு 5 பிளாக் பத்தாது.

அடுத்து முன்கூட்டியே உருவாக்கறது. சர்வர் பேப்பர் மாதிரி ப்ளகின் ஏத்துக்கிறதா இருந்தா, சங்கி ப்ளகினைப் போட்டு "சங்கி வேர்ல்டுபார்டர்", "சங்கி ஸ்டார்ட்"னு கொடுங்க. நொடிக்கு 30 சங்க் வேகம் கிடைச்சா 1,47,456 சங்க்குக்கு சுமார் 82 நிமிஷம். ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கப் போங்க. பொண்ணுங்க பசங்க யாரும் உள்ளே வர்றதுக்கு முன்னாடி இதை முடிச்சிட்டா, முதல் நாள் லேக்கே இருக்காது. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க: எல்லையில நிக்கிறவருக்கு வெளியே இருக்கிற நிலமும் கண்ணுக்குத் தெரியும். அதனால வியூ டிஸ்டன்ஸ் 10னா எல்லைக்கு வெளியே 160 பிளாக் வரைக்கும் சங்க் உருவாகும். டிஸ்க் கணக்குல அந்த ஓரத்தையும் சேர்த்துக்கோங்க.

நெதர்ல ஒரு பிளாக் நகர்ந்தா வெளியுலகத்துல 8 பிளாக். 6,144 அகல உலகுக்கு ஈடான நெதர் அகலம் வெறும் 768. ஆனா 768 வச்சிடாதீங்க. அதுக்குள்ள நெதர் கோட்டை விழும்னு உத்தரவாதம் இல்லை. கோட்டை இல்லைன்னா பிளேஸ் ராட் இல்லை, பிளேஸ் ராட் இல்லைன்னா ஸ்ட்ராங்ஹோல்ட் இருந்தும் பிரயோஜனம் இல்லை. நெதருக்கு 2,048 வைங்க. உலகத்துக்கு உலகம் தனி எல்லை வேணும்னா சங்கிபார்டர் மாதிரி ப்ளகின் உதவும்.

6. உயரமும் ஒரு எல்லைதான்: கிரிவலப் பாதையைக் கட்டிப் பார்ப்போமா?

கிரியேட்டிவ் சர்வர்னா கணக்கு வேற. நம்ம ஊரையே எடுத்துக்குவோம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். சரியான வட்டம் இல்லை, ஆனா வட்டம்னு வச்சுக்கிட்டா விட்டம் 14ஐ பையால வகுக்க சுமார் 4.46 கிலோமீட்டர். ஒரு பிளாக் ஒரு மீட்டர்னா 5,120 அகல எல்லைக்குள்ள மொத்தப் பாதையும் அடங்கும். ஆகா, சுலபம்னு தோணும்.

பிரச்சினை மேல இருக்கு. அண்ணாமலையின் உயரம் கடல்மட்டத்துல இருந்து 2,668 அடி, அதாவது 814 மீட்டர் சுமார். ஊரே 170 மீட்டர் உயரத்துல இருக்கு. கழிச்சா மலை மட்டும் 640 மீட்டர். மைன்கிராஃப்ட்ல மொத்த உயரமே 384. மலையோட தலை வெட்டுப்படும், தீபக் கொப்பரை வைக்க இடமில்லை!

அதனால 1க்கு 2 அளவு எடுங்க. மலை 320 பிளாக். சாதாரண உலகத்துல தரை 63ல இருந்தா உச்சி 383க்குப் போய் கூரையில முட்டும். ஃபிளாட் உலகம் எடுத்தா தரை -60ல இருக்கும், உச்சி 260ல நிக்கும். 319க்குள்ள அழகா அடங்கிடுச்சு. 217 அடி ராஜகோபுரம், 66 மீட்டர், 33 பிளாக் ஆகும். பதினோரு நிலை, நிலைக்கு மூணு பிளாக். கச்சிதம்!

பாதையோட விட்டம் 2,230 பிளாக் சுமார். எல்லை 3,072 வச்சா ஊருக்கும் சேர்த்து இடம் இருக்கும். ரீஜன் ஃபைல் 36தான். நடுப்புள்ளியை மலை உச்சியில வைங்க. கேம்ல எக்ஸ் கூடினா கிழக்கு, இசட் கூடினா தெற்கு. அப்போ கோயில் எக்ஸ் பக்கம், ரமணாசிரமம் தெற்கு அடிவாரத்துல இசட் பக்கம் வரும். செங்கம் ரோட்டுல அக்னி லிங்கத்துக்கும் எம லிங்கத்துக்கும் நடுவுல அதை வச்சிட்டு, பின்னாடி ஸ்கந்தாசிரமம் ஏறுற பாதையைப் போடலாம். எட்டு லிங்கங்களையும் எட்டு பேருக்குப் பிரிச்சுக் கொடுத்தா வேலையும் பிரிஞ்சிடும், யார் நிலம் எதுன்னும் சண்டை வராது. கட்டி முடிச்சதும் 7,000 பிளாக் கிரிவலம், நடந்தா 27 நிமிஷம்.

முழு அளவுல கட்டியே தீருவோம்னா டேட்டாபேக் மூலமா உலக உயரத்தை 4,064 வரைக்கும் கூட்ட முடியும். 2020 மார்ச்ல தொடங்கின பில்ட் தி எர்த் திட்டக்காரங்களுக்கும் இதே தலைவலிதான். பூமியையே 1க்கு 1 அளவுல கட்டணும், அப்போ உயர எல்லை 256. க்யூபிக் சங்க்ஸ்ங்கற மாட் போட்டுத்தான் சமாளிச்சாங்க.

7. ஏற்கெனவே உலகம் பெருத்துப் போச்சா?

எல்லை போடாம ஆரம்பிச்சிட்டீங்க, இப்போ 20 ஜிபி ஆகிடுச்சுன்னா ரீசெட்தான் வழின்னு நினைக்காதீங்க.

ஒவ்வொரு சங்க்லயும் இன்ஹேபிடட் டைம்னு ஒரு எண் சேவ் ஆகும். ஆட்கள் அந்தச் சங்க்கை ஒட்டி எவ்வளவு நேரம் இருந்தாங்கன்னு டிக் கணக்குல சொல்லும். எம்சிஏ செலக்டர்ங்கற டூலில் உலகத்தைத் திறந்து, இந்த எண் 6,000 டிக்குக்குக் கீழே, அதாவது 5 நிமிஷத்துக்குக் கீழே இருக்கிற சங்க்குகளைத் தேர்ந்தெடுத்து அழிக்கலாம். வெறுமனே பறந்து கடந்த நிலமெல்லாம் போயிடும். வீடுகள் இருக்கும்.

ஆனா கண்ணை மூடிட்டு அழிக்காதீங்க. ஊருக்கு ஊர் போட்ட ரயில் பாதையில யாரும் 5 நிமிஷம் நிக்க மாட்டாங்க, அதுவும் அழிஞ்சிடும். யாரோ அவசரமா புதைச்சு வச்ச பெட்டியும் போயிடும். அதனால வரிசை இது: சர்வரை நிறுத்துங்க, முழு பேக்கப் எடுங்க, குரூப்ல மூணு நாள் முன்னாடியே சொல்லி அவங்கவங்க இடத்தோட கோஆர்டினேட்டை வாங்குங்க, அந்த இடங்களைத் தேர்வுல இருந்து நீக்குங்க, அப்புறம் அழிங்க.

எல்லைக்கு வெளியே வீடு கட்டினவர் இருந்தா அவர் வீட்டை உள்ளே கொண்டு வந்து தர்றது அட்மினோட பொறுப்பு. ஸ்ட்ரக்சர் பிளாக் வச்சு ஒரு தடவைக்கு 48க்கு 48க்கு 48 அளவு வரைக்கும் நகலெடுக்கலாம். பெரிய வீடுன்னா துண்டு துண்டா எடுங்க. "அறிவிப்பு போட்டேன், அவன் பார்க்கலை"ங்கறது பதில் ஆகாது. பரீட்சை நேரத்துல ஒரு மாசம் லாகின் பண்ணாதவங்களும் நம்ம ஆளுங்கதான்.

8. பேக்கப், பவர் கட்

நம்ம பக்கம் கரண்ட் எப்போ போகும்னு சொல்ல முடியாது. சேவ் ஆகிட்டிருக்கும்போது கரண்ட் போனா ரீஜன் ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு. ஒரு ஃபைல் கெட்டா 512க்கு 512 நிலம் காலி. அதனால பேட்டரி நல்லா இருக்கிற லேப்டாப்பை சர்வர் ஆக்குங்க. தினமும் பேக்கப் எடுங்க. சர்வர் ஓடும்போதே எடுக்கணும்னா சேவ்-ஆஃப், சேவ்-ஆல், காப்பி, சேவ்-ஆன். இந்த வரிசை மாறக்கூடாது.

மேப் சைஸ் இங்கதான் பணமா மாறும். 10 எம்பிபிஎஸ் அப்லோடுல 1.1 ஜிபி உலகம் கிளவுடுக்குப் போக சுமார் 16 நிமிஷம். 12 ஜிபி உலகம்னா ரெண்டரை மணி நேரத்துக்கு மேல. முதலாவதை எல்லாரும் தினமும் எடுப்பாங்க. ரெண்டாவதை மூணாவது நாளே "நாளைக்குப் பார்த்துக்கலாம்"னு விட்டுடுவாங்க. ஒரு வாரத்து பேக்கப் வச்சிருந்தா 8 ஜிபிக்கும் 84 ஜிபிக்கும் உள்ள வித்தியாசம்.

9. கடைசியா, மனுஷங்க கணக்கு

எல்லை போடறது டிஸ்க்குக்காக மட்டும் இல்லை. பௌர்ணமி அன்னிக்கு ரமணாசிரமம் வாசல்ல நின்னு பாருங்க. அந்த 14 கிலோமீட்டர்ல லட்சக்கணக்கான பேர் நடக்கிறாங்க. தெரிஞ்சவங்க யாராவது கண்ணுல படாம வீடு திரும்ப மாட்டீங்க. பாதை ஒண்ணுதான், அதனால. 12 பேரை 6 கோடி பிளாக் அகல உலகத்துல விட்டா, ஆளுக்கு ஒரு மூலை பிடிச்சு, ஒரே சர்வர்ல தனித்தனியா சிங்கிள் பிளேயர் ஆடிட்டிருப்பாங்க.

புதுசா வர்ற ஜூனியர்களையும் யோசிங்க. சீனியர்கள் நடுப்பகுதி முழுக்கப் பிடிச்சு வச்சிருப்பாங்க, மரம் வெட்டியிருப்பாங்க, வைரம் தோண்டியிருப்பாங்க. அதனால முதல் நாளே முழு எல்லையையும் திறக்காம 4,096ல ஆரம்பிக்கலாம். அடுத்த பேட்ச் வர்றப்போ 6,144 ஆக்குங்க. புது நிலம் எல்லாருக்கும் ஒரே நாள்ல திறக்கும், ஜூனியரும் சீனியரும் ஒரே கோட்டுல நிப்பாங்க. ஆனா 4,096ல ஸ்ட்ராங்ஹோல்ட் உள்ளே விழுந்திருக்கான்னு சீடைப் பார்த்து முதல்லயே சரிபார்த்துக்கோங்க.

எல்லையை விரிக்கிறது ஒரு நிமிஷ வேலை, எல்லாரும் கைதட்டுவாங்க. சுருக்கறது ஒரு வாரச் சண்டை. அதனால சின்னதா ஆரம்பிங்க.

செஞ்சு பாருங்க: உங்க சர்வர்ல எத்தனை பேர், டிஸ்க்ல எவ்வளவு இடம், ஒரு வாரத்துக்கு எத்தனை பேக்கப். இந்த மூணு எண்ணை வச்சு உங்களுக்கான எல்லையைக் கணக்குப் போடுங்க. விடை 512ஓட இரட்டைப்படை மடங்கா இருக்கட்டும். போட்டுட்டு குரூப்ல காட்டி, எல்லார்கிட்டயும் சம்மதம் வாங்கிட்டு, அப்புறம் கமாண்டு அடிங்க.